கடற்கரையில் நம்ம ஊர் சிவா

பாப்பாரப்பட்டி, தருமபுரி மாவட்டம்

அன்புள்ள மல்லிகா,

முழங்கால் வலி எப்படியிருக்கிறது? டாக்டரை மாற்றினாயா இல்லையா? இங்கே எல்லாரும் சௌக்கியம். வேணு அண்ணன் மறுபடியும் தக்காளி போட்டிருக்கிறார், சொன்னால் கேட்கிற ஆளா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் 15க்குத் தூத்துக்குடியில் செல்வி வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளையோடு துறைமுகத்தில் வேலை பார்ப்பவர் பக்கத்திலுள்ள மீனவக் கிராமத்துக்காரர். எங்களையும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கே மாதா விண்ணேற்புத் திருநாளும் வருவதால் காலையில் பூசை, முடிந்ததும் கோயில் வாசலிலேயே தேசியக் கொடியேற்றம். கரையில் ஏற்றி வைத்திருந்த வல்லம் ஒவ்வொன்றின் அணியத்திலும், அதாவது படகின் முன்முனையில், ஒரு கொடி. கச்சான் என்கிற மேல்காற்று வீசுகிற மாதம், அத்தனை கொடியும் கடலைப் பார்த்தே படபடத்தன. அப்புறம் கயிறு இழுக்கும் போட்டி. படகு கட்டுகிற வடம், மணிக்கட்டுப் பருமன் இருக்கும்! பெண்கள்தான் ஜெயித்தார்கள். நீ இருந்திருந்தால் தோற்ற பக்கம்தான் நின்றிருப்பாய், ஏழாம் வகுப்பிலிருந்து அதுதானே உன் ராசி.

கடைசியில் ஒரு பையன் பேசினான், பத்து வயதிருக்கும். வ.உ.சி. 1906இல் கப்பல் கம்பெனி தொடங்கியது, 1908இல் கோரல் மில் வேலைநிறுத்தம், கடற்கரைக் கூட்டங்கள், கூடவே முழங்கிய சுப்பிரமணிய சிவா. அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இறங்கி வந்தவனைக் கூப்பிட்டு, "சிவா எங்கே இறந்தார் தெரியுமா கண்ணு?" என்றேன். "ஜெயிலிலா பாட்டி?" என்றான்.

எங்கள் ஊரில் என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன் மல்லிகா. 1908 மார்ச்சில் கைதானது, சிறையில் தொழுநோய் தொற்றியது, ரயிலில் ஏறக்கூடாதென்று வெள்ளைக்காரன் தடுத்த பிறகும் நடந்தே ஊர் ஊராகப் போய்ப் பேசியது, பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட 1923இல் வங்காளத் தலைவர் சித்தரஞ்சன் தாஸை நம் ஊருக்கு வரவழைத்து அடிக்கல் நாட்டியது, 1925 ஜூலை 23இல் கண்மூடியது. நாற்பதுதான் வயது. தட்டில் மக்ரூன் அடுக்கிக்கொண்டிருந்த பையனின் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எங்க கரையில நின்னு பேசுன மனுஷனுக்கா இவ்வளவு கஷ்டம்?" என்று அவன் ஆச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அவர் முழங்கிய ஊருக்கு அவர் முடிவு தெரியவில்லை. முடிந்த ஊரிலோ மணிமண்டபத்தைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போகும் நம் பிள்ளைகளுக்கு, அவர் தூத்துக்குடியில் யாருக்காகப் பேசினார் என்று தெரியாது. கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு நின்ற மில் தொழிலாளிகளுக்காக! அவர்கள் ஜெயித்தும் காட்டினார்களே. இங்கே கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ஜனவரி 26க்கு அந்தப் பையனையும் வீட்டாரையும் செல்வி அழைத்து வருகிறாள். மணிமண்டபத்துக்குப் பிள்ளைகளைத் திரட்டுவது மூக்குத்தி டீச்சர் பொறுப்பு. பையன் கடற்கரைக் கதையைச் சொல்லட்டும். மில் வேலைநிறுத்தத்தை நீதான் பேச வேண்டும். ஓசூர் பேக்டரியில் இத்தனை வருஷம் ஷிப்ட் பார்த்தவள், சங்கத்தில் நின்றவள், உன்னைவிட யாருக்கு அது புரியும்? கால் வலி, பேரன் பரீட்சை என்று எதுவும் சொல்லாதே. முந்தின நாளே பாலக்கோடு வந்துவிடு, அங்கிருந்து வேணு அண்ணன் வண்டியில் கூட்டி வருவார். களியும் கீரைக் குழம்பும் என் கையால். வருகிறாயா என்று இந்த வாரமே பதில் போடு, டீச்சருக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சரோஜா