பிஸ்கட்டை முதுகில் சுமந்த நாய்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் பழைய கார்ட்டூன்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டு நாயும் பூனையும் வரும் படம் என்றாலே துரத்தலும் அடிதடியும்தான் என்று எழுதியிருந்ததை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. வார்னர் பிரதர்ஸுக்காக சக் ஜோன்ஸ் இயக்கி 1952-இல் வந்த 'ஃபீட் தி கிட்டி'யைப் பார்த்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

மொத்தம் ஏழு நிமிடம்தான். மார்க் ஆண்டனி என்ற முரட்டு புல்டாக் ஒரு பூனைக்குட்டியைப் பார்த்துத் தொண்டை கிழியக் குரைக்கிறது. குட்டி அசரவில்லை. நேராக அதன் முதுகில் ஏறி, முன்னங்கால் இரண்டாலும் மாவு பிசைவது போல் பிசைந்துவிட்டு அங்கேயே சுருண்டு படுத்துக்கொள்கிறது. அந்த நகம் எப்படிக் குத்தும் என்று பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும்! நாய்க்கும் வலிக்கிறது, முகம் கோணுகிறது, ஆனாலும் பொறுத்துக்கொள்கிறது.

வீட்டம்மாவோ இனி ஒரு பொருள்கூட வீட்டுக்குள் வரக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்புறம் குட்டியை ஒளித்துவைக்க அந்த நாய் படும் பாடு இருக்கிறதே, சிரித்து மாளாது. கடைசியில் மாவு வைக்கும் இடத்தில் குட்டியை ஒளிக்க, வீட்டம்மா அன்றைக்குப் பார்த்து பிஸ்கட் செய்யக் கிளம்புகிறார். குட்டி தப்பித்து வெளியே வந்துவிடுகிறது, அது நமக்குத் தெரியும். வெளியே துரத்தப்பட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் நாய்க்குத் தெரியாது. மாவு கலக்கப்படுகிறது, தேய்க்கப்படுகிறது, வெட்டப்பட்டு அடுப்புக்குள் போகிறது, ஒவ்வொன்றுக்கும் அந்த முகம் இன்னும் கொஞ்சம் உடைகிறது. வசனமே தேவைப்படவில்லை, புருவமும் வாயும் மட்டும்தான். 2001-இல் வந்த 'மான்ஸ்டர்ஸ் இங்க்' படத்தில், குழந்தை குப்பை நசுக்கும் இயந்திரத்துக்குள் மாட்டிக்கொண்டதாக நினைத்து சல்லி என்ற பூதம் துடிக்கும் காட்சி இதைப் பார்த்துச் செய்ததுதான்.

அழுது ஓய்ந்த நாய்க்கு வீட்டம்மா ஒரு பிஸ்கட் கொடுக்கிறார். பூனை வடிவத்தில் வெட்டிய பிஸ்கட். நாய் அதைத் தின்னவில்லை. குட்டி படுத்திருந்த அதே முதுகில் மெதுவாக வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே நடக்கிறது.

இந்த இடத்தில் என் ஆறு வயது மகன் டிவி முன்னால் எழுந்து நின்று, "குட்டி வெளியே வந்ததை நாம பார்த்தோமே, நாய்கிட்ட யாராவது சொல்லுங்களேன்" என்று அழுதான். குட்டி திரும்பி வந்த பிறகும் வெகுநேரம் எங்கள் பூனையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. இந்தப் படத்தில் துரத்தலையும் அடிதடியையும் தவிர குழந்தைகளுக்கு வேறொன்றும் கிடைக்காது என்று நான் எப்படி நம்புவது?

அடுத்த முறை கார்ட்டூன் பற்றி எழுதும்போது இந்தப் படத்துக்கு ஒரு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். அதற்கு முன் கட்டுரையாளரை ஒரு தடவை இதைப் பார்க்கச் சொல்லுங்கள், ஏழு நிமிடம்தானே.

அன்புடன்,
உங்கள் வாசகி