கோயில் வளாகத்தைக் கான்கிரீட்டால் மூடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாநகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் வட்டாரக் கோயில் ஒன்றின் நிர்வாகக் குழு, அடுத்த தைப்பூசத்திற்குள் வளாகம் முழுவதற்கும் கான்கிரீட் தளம் போட்டு வாகன நிறுத்துமிடமாக மாற்றுவதற்கு நன்கொடை திரட்டி வருகிறது. தைப்பூசம் இந்நாட்டில் கோடை மழைக் காலத்தில் வருவதால், காவடி எடுப்போர் சேற்றில் வழுக்காமல் நடக்க வேண்டும் என்ற அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அந்தத் தளத்தில் விழும் மழைநீர் எங்கே போகும் என்பது பற்றித் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. வேறு பல கோயில்களும் மண்டபங்களும் இதே வேலையில் இறங்கியிருப்பதால், நீர் உட்புகும் தளம் என்ற மாற்று வழியைத் தங்கள் இதழின் வழியாகப் பொதுவில் வைக்க விரும்புகிறேன்.

சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின் பெயரால் நம் குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து குடியேற்றப்பட்ட காலத்தில், சிறிய வீடானாலும் முன்னாலோ பின்னாலோ கொஞ்சம் மண் இருந்தது. முருங்கையும் கறிவேப்பிலையும் கீரைப் பாத்தியும் இருந்தன. இப்போது அந்த மண்ணில் பெரும்பகுதி கார் நிறுத்தவும் வாடகை அறை கட்டவும் மூடப்பட்டுவிட்டது. மேட்டு வீட்டுத் தண்ணீர் தெருவில் இறங்கி, தெருத் தண்ணீர் பள்ளத்து வீட்டுக்குள் புகுந்து, கடைசியில் ஓடைக்கரைக் குடிசைகளை அடிக்கிறது. வடிகாலைத் தூர்வாரவில்லை என்று மாநகராட்சியைக் குறை கூறுவது நியாயமே. ஆனால் அந்த வடிகாலுக்குள் நாம் அனுப்பும் நீரின் அளவு எத்தனை மடங்காகிவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கணக்கு கடினமானதன்று. ஆயிரம் சதுர மீட்டர் தளத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர் தண்ணீர். 50 மில்லிமீட்டர் பெய்தால் 50,000 லிட்டர். கான்கிரீட் தளமென்றால் அதில் பெரும்பகுதி நிமிடங்களில் வாசலைத் தாண்டித் தெருவில் நிற்கும். மாறாக, நீர் உட்புகும் தளத்தில், இடைவெளி விட்டுப் பதித்த பேவர் கற்கள் மேலேயும், பொடிச் சல்லி அதன் கீழேயும், தூசி நீக்கிய பெருஞ்சல்லி அடியிலுமாக அடுக்கப்படுகின்றன. ஒரே அளவான சல்லியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம் என்பதால், 300 மில்லிமீட்டர் ஆழச் சல்லிப் படுகை 100 மில்லிமீட்டர் மழையைத் தன்னுள் தேக்கி, அடிமண் உறிஞ்சும் வேகத்திற்கு ஏற்ப மெல்ல இறக்கிவிடும். கற்களுக்கு இடையில் மணலை நிரப்பிவிட்டால் எல்லாம் வீண்; அங்கும் பொடிச் சல்லியே வேண்டும். பழக்கத்தால் கொத்தனார்கள் மணலைத்தான் வாரிக் கொட்டுவார்கள் என்பதால் யாராவது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

இதனால் வெள்ளமே வராது என்று நான் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணக் கடற்கரையோரம் பல இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டியது. நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்படிப்பட்ட மழைக்கு எந்தச் சல்லிப் படுகையும் ஈடுகொடுக்காது. ஆகவே படுகை நிரம்பியபின் மிகுநீர் வெளியேறுவதற்கு ஒரு குழாய் கட்டாயம் வேண்டும். ஆனால் ஆண்டுதோறும் பலமுறை பெய்து தெருவை ஓடையாக்கும் சாதாரண இடிமழையை வளாகத்துக்குள்ளேயே நிறுத்திக்கொள்ள இது போதும்.

சல்லியை மலையை உடைத்துத்தான் கொண்டுவர வேண்டும் என்பதில்லை. இடித்த வீடுகளின் கான்கிரீட்டும் செங்கல்லும் ஆற்றோரங்களிலும் காலி மனைகளிலும் குவியல் குவியலாகக் கொட்டப்படுவதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். அவற்றை நொறுக்கி, சலித்து, கழுவினால் அடிப்படுகைக்குப் பயன்படும். கழுவுவது என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். கழுவாத கான்கிரீட் நொறுங்கலில் ஒட்டியிருக்கும் தூள் கீழே இறங்கி, படுகைக்கு அடியில் விரிக்கும் வடிகட்டித் துணியை அடைத்துவிடும். அதிலிருந்து வரும் நீரும் சிமெண்டின் காரத்தைச் சுமந்து ஓடைக்குப் போகும். செங்கல் நொறுங்கல் கனத்த வாகனங்களின் கீழ் மேலும் உடையும் என்பதால் கார் நிற்குமிடத்தில் அதனைத் தவிர்த்து நடைபாதைக்கு வைத்துக்கொள்ளலாம். நொறுக்கி முனை மழுக்கிய கண்ணாடியைக் கற்களுக்கு இடையிலான பொடிச் சல்லிக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம். வெறுங்காலோடு காவடி ஆடும் இடத்தில் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

பழைய டயரை அரைத்துச் செய்யும் ரப்பர் தளம் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. தண்ணீரை அது நன்றாகவே விடும். ஆனால் டயர் ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு கலந்து மாறி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்களைக் கொன்றுவந்ததை ஆய்வாளர்கள் 2020-இல் கண்டறிந்தார்கள். நம் மழைநீர் உம்ஹ்லாட்டுசானா ஆற்றின் வழியாக டர்பன் துறைமுகக் குடாவில் கலக்கிறது. நம் முன்னோர் மீன்பிடித்துப் பிழைத்த நீர் அது. டர்பன் புறநகரான கிளிஃப்டேலில் பிளாஸ்டிக் பால் புட்டிகளைத் தாரில் கலந்து சாலை போட்டதைச் சிலர் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். குப்பையைக் குறைக்கும் முயற்சி என்ற வகையில் அதனைப் பாராட்டலாம். ஆனால் அது நீர் உட்புகும் சாலை அன்று. மறுசுழற்சி என்ற ஒரே காரணத்துக்காக இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

நம் கோயில்களுக்கென்றே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நீர் உட்புகும் தளத்தின் முதல் எதிரி மண்டி, அதாவது இடுக்குகளில் படியும் கசடு. தீமிதிக் குழியின் சாம்பல், திருநீறு, குங்குமம், விளக்கில் ஊற்றும் எண்ணெய், அபிஷேகப் பால், சிதறு தேங்காயின் நார் ஆகிய யாவும் கல் இடுக்குகளில் படிந்து, இறுகி, தளத்தைக் கான்கிரீட்டாகவே ஆக்கிவிடும். எனவே தேங்காய் உடைக்கும் இடம், அபிஷேக நீர் விழும் இடம், குண்டத்தைச் சுற்றிய இடம் ஆகியவற்றைச் சாதாரணத் தளமாக வைத்து அந்த நீரைத் தனியே வடிகட்ட வேண்டும். மற்ற இடத்தை ஆண்டுக்கு ஓரிரு முறையாவது பெருக்கி, உறிஞ்சு கருவியால் இடுக்குகளிலுள்ள மண்டியை எடுக்க வேண்டும். நன்கொடை திரட்டும்போதே இந்தப் பராமரிப்புச் செலவையும் சேர்த்துத் திரட்டாவிட்டால், பெயர்ப்பலகை திறந்த சில ஆண்டுகளில் தளம் பயனற்றுப் போகும். தேர் ஓடும் பாதையின் அடிப்படுகையை எத்தனை கனமாக இட வேண்டும் என்பதைப் பொறியாளரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எல்லா இடத்திலும் நீரை மண்ணுக்குள் இறக்குவதும் தவறு. டர்பன் கடலோர மேடுகளில் உள்ள பெரியா செம்மணல் நீரை எளிதில் குடிக்கும். குடித்தபின் சுமை தாங்காமல் அமிழும், அரித்துச் செல்லும். செங்குத்தான சரிவின் தலைப்பில் நீரை உள்ளே விட்டால் கீழேயுள்ள வீட்டின் தடுப்புச்சுவர் சரியக்கூடும். அங்கே படுகையின் அடியில் நீர்புகா விரிப்பைப் போட்டு, தேங்கும் நீரைச் சிறு குழாய் வழியாக மெதுவாக வடிகாலுக்கு விடுவதே சரி. சரிவான வளாகமாயின் படுகைக்குள் குறுக்குத் தடுப்புகளும் வேண்டும். இல்லையேல் நீர் முழுவதும் கீழ்மூலைக்கு ஓடிவிடும். அடிமண்ணைச் சோதிக்காமல் வேலையைத் தொடங்க முன்வரும் ஒப்பந்தக்காரர் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் அவரை நான் நம்ப மாட்டேன்.

வழிகாட்டுதலுக்கும் பஞ்சமில்லை. தென்னாப்பிரிக்க நீர் ஆராய்ச்சி ஆணையம் 2013-இலேயே நிலைத்த வடிகால் முறைகளுக்கான வழிகாட்டி நூலை வெளியிட்டிருக்கிறது. ஓடைகளைத் துப்புரவாக்க அக்கம்பக்கத்து மக்களுக்கே வேலை கொடுக்கும் சிஹ்லான்சிம்வெலோ திட்டத்தை டர்பனை நிர்வகிக்கும் எத்தெக்வினி மாநகராட்சி நடத்தி வருகிறது. இடிபாடுகளைத் தரம்பிரித்துச் சலிக்கும் வேலையையும் அதைப் போலவே அமைக்கலாம். நீர் உட்புகும் தளம் அமைப்பவர்களுக்குச் சொத்துவரியில் சிறு சலுகை தருவதையும் மாநகராட்சி பரிசீலிக்க வேண்டும். நம் தரப்பிலும் ஒரு திருத்தம் தேவை: கூரைநீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்கும் வழக்கத்தை விட வேண்டும். டர்பனில் இவ்விரண்டும் தனித்தனி அமைப்புகள். கலந்துவிட்டால் மழையன்று சாக்கடை மூடி திறந்து கழிவு தெருவுக்கு வருகிறது.

வெள்ளம் நம் கோயில்களுக்குப் புதிதன்று. டர்பனின் உம்பிலோ ஆற்றங்கரையில் முன்னோர் எழுப்பிய கோயிலை ஆறு கொண்டுபோனது. அதிலிருந்து மீட்ட கதவுகள்தாம் கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயத்தில் இருக்கின்றன. அன்று நீர் ஆற்றிலிருந்து கோயிலுக்கு வந்தது. இன்று கோயில் வளாகத்திலிருந்தே நீர் அடுத்தவர் வீட்டுக்குப் போகிறது.

ஆகவே எங்கள் நிர்வாகக் குழுவிடம் நான் கேட்பது இவ்வளவே: கான்கிரீட்டுக்கு வாங்கியுள்ள விலைப்புள்ளியோடு, நீர் உட்புகும் தளத்துக்கும் ஒரு விலைப்புள்ளியைப் பராமரிப்புச் செலவு உட்பட வாங்கி, மண் சோதனை முடிவையும் சேர்த்துப் பொதுக்குழுவின் முன் வையுங்கள். பணம் போதாதென்றால் வளாகத்தின் கீழ்ப்பாதியை மட்டும் இம்முறையில் அமைத்து, மேற்பாதி நீரை அதற்குள் திருப்பலாம். இத்தகைய தளத்தைப் போட்டுச் சில மழைக்காலங்களைக் கண்ட கோயில்களோ பள்ளிகளோ மொரிஷியஸ், மலேசியா, தமிழ்நாடு என எங்கிருந்தாலும், அவர்கள் தங்கள் இதழுக்கு எழுதினால் கூட்டத்துக்கு முன் எங்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்