சுவரைக் கொத்துவதற்கு முன்னால் ஒரு பாலித்தீன் தாள்

அன்பு பாப்பாவுக்கு,

நீ நேற்று ராத்திரி அனுப்பிய சுவர்ப் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கி நாலைந்து முறை பார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி நிற்கிறது, அதன் விளிம்பு நெடுக வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது, அதற்குக் கீழே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பி ஒரு இடத்தில் உரிந்தும் விட்டது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, பூச்சைக் கொத்தித் தள்ளிவிட்டு வாட்டர்ப்ரூஃப் மருந்து கலந்த சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும் என்றாராம், மாப்பிள்ளையோ இந்தப் பழைய வீட்டோடு மல்லுக்கட்டுவதை விட மொத்தமாக இடித்துவிட்டு சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடாகப் புதிதாகவே கட்டிவிடலாமே என்கிறாராம், நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டிருந்தாய். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிற வரைக்கும் அந்தச் சுவரில் உளி படக்கூடாது, இடிக்கிற பேச்சும் அதுவரை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பாட்டி படுத்திருந்த அறை உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சுவரும் இதே மாதிரிதான் இருந்தது. நானும் அப்பாவும் அவசரப்பட்டு உள்பக்கம் முழுக்கச் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பளபளவென்று பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்து வைத்தோம். முதல் மழைக்காலம் நன்றாகவே போனது. இரண்டாவது மழையில் ஓதம் பழைய உயரத்தைத் தாண்டி ஜன்னல் கட்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் நான் சமையலறைக் கத்தியை எடுத்து மெதுவாக நெம்பினேன், பூச்சு ஒரு தட்டு அளவுக்கு அப்படியே கையில் வந்தது, பின்னால் இருந்த செங்கல்லைத் தொட்டால் விரலில் சேறு மாதிரி ஒட்டியது. பாட்டி அந்த ஈரத்தில் இரண்டு வருஷம் இருமிக்கொண்டு படுத்திருந்தாள் என்பது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே இருந்தது. செடி வைக்கிறோம் என்று சுவரை ஒட்டி வருஷா வருஷம் மண் கொட்டிக் கொட்டி, வெளிமண் மட்டம் உள்தரைக்கு மேலே போயிருந்தது. அந்த மண்ணை வெட்டி எடுத்து, தண்ணீர் வெளிப்பக்கமாக ஓடும்படி வாட்டம் கொடுத்த பிறகு சுவர் தானாகவே காய ஆரம்பித்தது, முழுசாகக் காய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அதனால் நீ முதலில் ஒன்று செய். பாலித்தீன் தாளில் அரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு துண்டு வெட்டி, உரியாத இடமாகப் பார்த்து ஓதத்தின் மேல் வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டிவிடு. ஒரு முழு நாள் அப்படியே இருக்கட்டும். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அது வீட்டுக்குள் இருக்கும் காற்றின் ஈரம், சமையலும் குளியலும் காயப்போட்ட துணியும் சேர்ந்து குளிர்ந்த சுவரில் படிகிறது, அதற்கு எந்தப் பூச்சும் வேண்டியதில்லை, காற்றோட்டம்தான் வேண்டும். சுவருக்குள் இருந்துதான் வருகிறது என்றால் அடுத்து வெளியே போய்ப் பார். மண் மட்டம் உள்தரையை விடப் பதினைந்து சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சுவர் ஓரத்திலேயே கொட்டுகிறதா என்று மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு போய் நின்று பார், வெயில் நாளில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மழைக்கும் ஓதத்துக்கும் சம்பந்தமே இல்லை, வருஷம் பூரா ஒரே மாதிரி இருக்கிறது என்றால் சுவருக்குள் ஏதோ குழாய் கசியலாம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தண்ணீர் மீட்டரைப் பார், முள் நகர்ந்திருந்தால் பிளம்பரைக் கூப்பிடு. தரையிலிருந்து ஏறுகிற ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டாது, அதற்கு மேலே திட்டுத் திட்டாக இருந்தால் கூரை, ஜன்னல், குழாய் என்று தேட வேண்டும்.

உன் வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது என்று சொன்னாய் அல்லவா, அது ஒரு பெரிய விஷயம். சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வாங்கவும் செய்யும், வெளியே விடவும் செய்யும், அப்படி வாங்கி விட்டுத்தான் இத்தனை வருஷம் நின்றிருக்கிறது. அதன் மேல் கெட்டியான சிமெண்டைப் பூசி மூடினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், ஈரத்தோடு கரைந்து வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, அந்தப் படிகம் வளர்கிற வேகத்தில் செங்கல்லின் முகத்தையே பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். எங்கள் சுவரில் நடந்தது அதுதான். நீ பூச வேண்டி வந்தால் சுண்ணாம்புப் பூச்சே போடச் சொல், மேலே சுண்ணாம்பு அடித்தாலே போதும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம்தான், காத்திருந்தாலும் பரவாயில்லை.

சரி, மாப்பிள்ளை கேட்டதற்கு வருகிறேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார், ஆனால் இடித்துவிட்டுப் பசுமையாகக் கட்டுவது என்பதில் கணக்கு எங்கே இடிக்கிறது என்று அவரே உட்கார்ந்து பார்க்கட்டும். சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சுடுகிறார்கள். அந்தச் சூட்டுக்கு எரிக்கிற எரிபொருள் ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல்லே சூடாகும்போது தன்னுள் இருக்கிற கரியமில வாயுவை விட்டுவிடுவது இன்னொரு பக்கம், சிமெண்டால் வருகிற கரியமில வாயுவில் பாதிக்கு மேல் இந்தக் கல்லிலிருந்தே வருவதுதான், எதைக் கொண்டு சுட்டாலும் அது குறையாது. உலகம் முழுக்க மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் 7லிருந்து 8 சதவீதம் சிமெண்டின் பங்கு. மணலும் அப்படித்தான், ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில் உலகம் ஆண்டுக்குச் சுமார் 5000 கோடி டன் மணலும் ஜல்லியும் எடுத்துப் பயன்படுத்துகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுச் சுவரும் அஸ்திவாரமும் தளமும் இந்தக் கடனையெல்லாம் என்றைக்கோ கட்டி முடித்துவிட்டன, அவற்றை லாரியில் ஏற்றி எங்கோ கொட்டிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கடன் வாங்க வேண்டுமா? கதவும் ஜன்னலும் நல்ல மரமாக இருந்தால் அதை மட்டும் இழைத்து எண்ணெய் போட்டால் இன்னும் ஒரு தலைமுறைக்கு வரும்.

இடிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. அஸ்திவாரம் இறங்கியிருந்தால் வேறு வழி இல்லாமல் போகலாம். ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்வாக ஒரு விரிசல் போகிறது என்றாயே, அதன் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, விரிசல் எவ்வளவு அகலம் என்று அளந்து, பக்கத்திலேயே தேதியையும் எழுதி வை. மாதம் ஒரு முறை அளந்து பார். ஆறு மாதமாக அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் எப்போதோ இறங்கி நின்றுபோன பழைய விரிசல். அகலம் கூடிக்கொண்டே போனால் மேஸ்திரி பார்த்தால் போதாது, கட்டட இன்ஜினியரை வரவழைத்துக் காட்டு. பின்கட்டுத் தளத்தில் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிற இடத்தையும் அவரிடமே காட்டு. கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும், மேலே சிமெண்டை அப்பி மூடினால் அது நிற்காது. நடுச்சுவரை எடுத்துவிட்டு ஹாலைப் பெரிதாக்கும் ஆசையும் அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான், அது மேல்தளத்தைத் தாங்குகிற சுவரா இல்லையா என்று தட்டிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

இப்போது எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற விஷயம். குட்டி தவழ ஆரம்பித்துவிட்டான், கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கிறான். பழைய வீட்டுப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம், கதவு ஜன்னல் மேல் கனமாக அடுக்கடுக்காக அடித்த பழைய பெயிண்டில் குறிப்பாக. அதை உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி தரையில் படிந்து குழந்தையின் கைக்கு வந்துவிடும், ஈயத்தில் இந்த அளவு வரைக்கும் பயமில்லை என்று சொல்ல ஒரு அளவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு சின்னத் துண்டைச் சுரண்டிச் சோதனைக்குக் கொடு. ஈயம் இருந்து, பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் அதைத் தொடாமல் மேலேயே அடித்துவிடலாம். உரிகிறது என்றால் தெரிந்த ஆட்களை வைத்து ஈரப்படுத்தி எடுக்கச் சொல்லி, அந்த நாட்களில் நீயும் குட்டியும் வேறு இடத்தில் இருங்கள். பின்பக்கம் இருக்கிற பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் அப்படியே. உடையாமல் இருக்கிற வரைக்கும் அதைச் சும்மா விடு, துளை போடாதே, அறுக்காதே, சுத்தியலால் உடைத்து இறக்க விடாதே. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும், அது நுரையீரலில் போய்த் தங்கிப் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். எடுக்கத்தான் வேண்டும் என்றால் பயிற்சி உள்ளவர்கள் நனைத்து, முழு ஷீட்டாக இறக்கட்டும். விளக்குமாறு போட்டுக் கூட்டவும் கூடாது.

புதிதாகப் போடப் போகிற அந்த ஒரு அறைத் தளத்துக்கு, கான்கிரீட் கலக்கும்போது யாராவது ஒருவர் பக்கத்திலேயே நில்லுங்கள். கலவை இளகலாக இருந்தால் கொட்டுவது சுலபம் என்று வேலையாட்கள் இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றுவார்கள், கெட்ட எண்ணத்தில் இல்லை, கை நோகிறது அவர்களுக்கு. ஆனால் 50 கிலோ மூட்டைக்குச் சுமார் 25 லிட்டர், மணலில் இருக்கிற ஈரத்தையும் சேர்த்து, அதற்கு மேல் போகப் போகத் தளம் பலம் இழக்கும். அப்புறம், போட்ட பிறகு குறைந்தது 7 நாள் காயவிடாமல் ஈரமாகவே வைத்திரு, நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்ட் என்றால் 10லிருந்து 14 நாள். ஈரச் சாக்கைப் போட்டு மூடி வைத்தால் தண்ணீரும் குறைவாகவே செலவாகும்.

வெயிலைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஏசி வாங்குவதற்கு முன்னால் தளத்துக்கு வெள்ளை அடித்துப் பார், மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கம் மறைப்பு வை. உள்ளே திரை போடுவதில் பாதிப் பலன்தான், கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு வீட்டுக்குள் வந்ததுதானே. சாயங்கால வெயில் தாழ்ந்து அடிக்கும், சன்ஷேடு எவ்வளவு நீட்டினாலும் அதன் அடியில் புகுந்து வந்துவிடும், அதனால் தட்டியோ கொடியோ நேராகத் தொங்குகிற மாதிரி ஏதாவது வேண்டும். ஜன்னலையெல்லாம் இடுக்கில்லாமல் அடைத்துவிட்டால் குளியலறைக் காற்றையும் சமையல் காற்றையும் வெளியே தள்ள ஃபேன் கட்டாயம் வை, அது பொய்க்கூரைக்குள் ஊதாமல் வெளிச்சுவரைத் தாண்டி ஊத வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். குட்டியின் அறைக்கு மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகையில் அலமாரி செய்வதாக இருந்தால், அந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு என்கிற, மூச்சை உறுத்துகிற வாயு குறைவாக உள்ள பலகையாகக் கேட்டு வாங்கி, வெட்டிய ஓரமெல்லாம் மூடி, வாடை போகிற வரைக்கும் ஜன்னலைத் திறந்து வைத்து, அதற்குப் பிறகு அவனைப் படுக்க வை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். ஒயரும் குழாயும் சுவருக்குள் போட்ட பிறகு, பூசுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரிலும் டேப்பை நீட்டிப் பிடித்துப் படம் எடுத்து வை. பின்னால் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் நீ அந்தப் படத்தைத்தான் தேடுவாய், எங்களிடம் அது இல்லாமல் அப்பா ஒரு தடவை குழாயிலேயே துளை போட்டார். குளியலறையில் வாட்டர்ப்ரூஃப் அடித்து முடித்ததும் டைல்ஸ் ஒட்ட விடாதே, தண்ணீர் போகிற துளையை அடைத்து, இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் கழித்துக் கீழே போய்ப் பார். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும், அந்தக் குப்பையும் உன் கணக்கில்தான்.

மாப்பிள்ளைக்குப் புதிதாக ஏதாவது கட்டியே ஆக வேண்டும் என்றால் மழைநீர்த் தொட்டி கட்டட்டும். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் கூரை 100 சதுர மீட்டர் என்றால் 10 மில்லிமீட்டர் மழைக்கு 1000 லிட்டர், சிந்தியது சிதறியது போக 800 லிட்டராவது சேரும். இப்போது அந்தத் தண்ணீர்தான் அந்தச் சுவர் ஓரத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பாலித்தீன் தாளை நாளைக் காலையிலேயே ஒட்டிவிடு. மறுநாள் பிரிக்கும்போது எந்தப் பக்கம் வியர்த்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு, வெளிப்பக்க மண் மட்டத்தையும் சேர்த்து. மேஸ்திரியிடம் அம்மா ஒரு வாரம் பொறுக்கச் சொன்னாள் என்று சொல். குட்டிக்கு என் முத்தம்.

உன் அம்மா