பவளக்கொடி எடுக்கப்போகும் மகனுக்கு

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பவளக்கொடியைக் குறும்படமாக எடுக்கப்போவதாகச் சொன்னாய், சந்தோஷம். 1934-இல் வந்த படத்தைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, "ஐம்பது பாட்டாம்ப்பா, எப்படித்தான் உட்கார்ந்து பார்த்தார்களோ" என்று சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகுதான், நாடகமேடையில் ஆர்மோனியம் வாசித்துப் பிழைக்கிறவன் மகனா இப்படிக் கேட்கிறான் என்று உறைத்தது.

அந்தப் படமே மேடையிலிருந்து இறங்கி வந்ததுதான். தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் அர்ச்சுனனும் பவளக்கொடியுமாக ஆடிக்கொண்டிருந்த நாடகத்தைத்தான் கே. சுப்ரமணியம் படமாக்கினார். அவர் இயக்கிய முதல் படம் அது, அவர்கள் இருவருக்கும் அதுவே முதல் படம். பாட்டுக்குப் பாபநாசம் சிவன். பின்னணி பாடும் வழக்கமெல்லாம் அப்போது ஏது? கேமராவுக்கு முன்னால் நிற்கிறவரே பாடவேண்டும், பக்கவாத்தியக்காரர்கள் படத்தில் விழாமல் ஒளிந்துகொண்டு வாசிக்கவேண்டும். எடுத்த இடம் அடையாற்றில் மீனாட்சி சினிடோன், பின்னாளில் சத்யா ஸ்டூடியோ இருந்த இடம். வெளிச்சத்துக்குச் சூரியனைத்தான் நம்பியிருந்தார்கள்; மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். சாப்பாட்டு நேரத்தில் காக்கைகள் கூடிக் கத்த ஆரம்பித்தால் அதையும் மைக் பிடித்துக்கொள்ளும். காக்கையைச் சுட்டு விரட்டவே துப்பாக்கியோடு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்களாம். நம் திருவிழா மேடைக்கு முன்னால் விசிலடிக்கிற பையன்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். சுடவேண்டாம், முறைத்தால் போதும்.

சரி, கதைக்கு வருகிறேன். நீ அனுப்பியதைப் படித்தேன். அர்ச்சுனன் மனைவி அல்லிக்கு ஒரே ஒரு காட்சி, அதிலும் அழுகை. எனக்கு மனசு ஒப்பவில்லை.

வியாசரிடம் அல்லியும் கிடையாது, பவளக்கொடியும் கிடையாது. நம் ஜனங்கள் பாரதத்துக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தவர்கள் இவர்கள். மதுரையை ஆண்ட அல்லியை அர்ச்சுனன் தந்திரத்தால் கட்டிக்கொண்டான். மகன் புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்டு அடம் பிடிக்கிறான். பவளம் தேடிப் போன தகப்பன் அங்கே பவளக்கொடியைப் பார்த்து மயங்கி, கண்ணன் துணையோடு அவளையும் கட்டிக்கொள்கிறான். பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கப் போனவன் சக்களத்தியோடு வந்தால் வீட்டில் என்ன நடக்கும்? வில்லாளியை நிற்கவைத்துக் கேள்வி கேட்க ஒருத்தி வேண்டும் என்றுதான் அல்லியையே உண்டாக்கினார்கள் என்பது என் எண்ணம். அவளை அழவைத்து அனுப்பிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது?

பாட்டு விஷயமும் இதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பவளக்கொடியை இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகமாகப் போடுகிறோம். நாயகனாக ஆடுகிற ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியாக ஆடுகிற ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது, பவுடர் பூசும்போதுதான் முகத்தையே பார்த்துக்கொள்வார்கள். மேடையில் தர்க்கம் ஆரம்பித்ததும் அர்ச்சுனன் ஒரு பாட்டில் கேட்பான், பவளக்கொடி அதே மெட்டில் மடக்குவாள். அந்தம்மா எந்த அடியில் வெட்டப்போகிறது என்று உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். இழுக்கிற மூச்சை வைத்தே விரல் அந்தச் சுரத்துக்குப் போய்விடும். மிருதங்கக்காரரும், பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கிற ஆல்ரவுண்டும் என் தலையாட்டலுக்குக் காத்திருப்பார்கள். கீழே கிழவிகள் "விடாதேடி" என்பார்கள். சண்டை, கேலி, காதல் எல்லாம் பாட்டிலேயே நடக்கும். ஐம்பது பாட்டையும் வசனம் என்று எடுத்துக்கொள், அப்போது நீளமாகத் தெரியாது.

உன் படம் இருபது நிமிஷம் என்கிறாய். அதற்கு ஐம்பது வேண்டாம், மூன்று போதும். ஆனால் அதில் ஒன்று அல்லிக்கு. மெட்டு நான் போட்டுத் தருகிறேன், வரிகளை மட்டும் நீ எழுதி அனுப்பு. இப்போது எழுதியிருக்கிற மாதிரி "நான் உடைந்துபோனேன்" என்றெல்லாம் அவள் வாயில் போடாதே. மதுரைப் பொம்பளை அப்படிப் பேசமாட்டாள்.

பங்குனியில் நம் மாரியம்மன் கோவிலில் பவளக்கொடிதான். லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டுவை. மேடைக்குக் கீழே என் பக்கத்தில் உட்கார இடம் பிடித்துவைக்கிறேன். ரெக்கார்டு பண்ணுவதானால் நல்ல மைக்காகக் கொண்டுவா.

அன்புடன்,
அப்பா