மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். சித்தி கேட்ட தைலம் இரண்டு புட்டி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிட்டிருக்கிறேன்.

இங்கே சாயங்காலமானால் மழை. காலையில் கித்தா (ரப்பர்) மரத்தின் பட்டை ஈரமாக இருந்தால் பால்வெட்டுக்குப் போகமாட்டார்கள். வெட்டினாலும் பால் கோட்டோடு இறங்கிக் கோப்பைக்கு வராது, பட்டையெல்லாம் பரவி வழிந்துவிடும். கித்தா மரமே குறைந்துபோய், சாலையின் இரண்டு பக்கமும் எண்ணெய் தரும் செம்பனைதான் தெரிகிறது. ஆனாலும் இதைத் தோட்டத்து ஊர் என்றுதான் சொல்லவேண்டும். சனங்கள் இன்னும் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் பெயரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் விசாரிக்கிறார்கள். சம்பளத்தை வெள்ளி என்றும் சில்லறையைச் சேன் என்றும் சொல்கிறார்கள்.

உங்கள் பொம்மலாட்டப் பொம்மைகளுக்கு ரப்பர் முகம் போட்டால் கூட்டம் வருமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதில் எழுத நல்ல சமயம் வாய்த்தது. போன சனிக்கிழமை கோயில் மண்டபத்தில் ‘தி டார்க் கிரிஸ்டல்’ என்ற படத்தைப் போட்டார்கள். 1982இல் ஜிம் ஹென்சனும் ஃபிராங்க் ஓஸும் சேர்ந்து இயக்கிய படம், 93 நிமிடம். திரையில் மனித முகம் ஒன்றுகூட வராது, எல்லாமே பொம்மை. கழுகும் பல்லியும் கலந்தாற்போன்ற ஸ்கெக்சிஸ் என்ற கொடியவர்கள் ஒரு பக்கம். கெல்ஃப்லிங் என்ற சின்ன இனத்தில் மிஞ்சிய ஜென், கீரா என்ற இருவர் மறுபக்கம். உடைந்த படிகத்தில் ஒரு துண்டைத் திரும்பப் பொருத்தவேண்டும், கதை அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள் சிலர் பாதியிலேயே அழுதார்கள். பாட்லிங் என்ற சாதுவான இனத்தாரை நாற்காலியில் கட்டி உயிர்ச்சாரத்தை உறிஞ்சும் இடம் அது. கண் வெளுத்து, முகம் வற்றிப்போகும். பொம்மைப்படம் என்றால் பிள்ளைகளுக்கானது என்று நம்பிக் கூட்டிவந்த தாய்மார்களுக்குக் கோபம். படம் வந்த காலத்திலும் இதே பேச்சுதான் இருந்தது. மப்பெட் என்ற வேடிக்கைப் பொம்மைகளால் சிரிக்கவைத்த ஹென்சனிடமிருந்து இவ்வளவு இருட்டை யாரும் எதிர்பார்க்கவில்லை.

உங்களுக்கு வேண்டியது இனிமேல்தான். மண்டபத்தில் ஓடியது ஆங்கிலம், அடியில் மலாய் எழுத்து. பள்ளிப் பிள்ளைகள் படித்துக்கொண்டார்கள். பெரியவர்கள் பலருக்கு இரண்டும் எட்டவில்லை. ஆனால் ஸ்கெக்சிஸ் வரும் காட்சி எதையும் அவர்கள் தவறவிடவில்லை. யார் யாரைக் கவிழ்க்கப் பார்க்கிறான், யார் பயந்திருக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொண்டே பார்த்தார்கள். ஹென்சனும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தார். ஸ்கெக்சிஸுக்கென்று ஒரு புது மொழி அமைத்து, அர்த்தம் சொல்லாமலே புரியவைக்கப் பார்த்தார். வெளியிடுமுன் போட்டுக்காட்டியபோது பார்த்த சனம் தடுமாறியதால் ஆங்கிலத்தில் குரல் மாற்றிவிட்டார்கள். அது தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

ஜென் பேசும் இடங்களில்தான் அதே பெரியவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அவன் முகம் மனித முகத்துக்கு மிகக் கிட்டே வருகிறது. அவ்வளவு கிட்டே வந்தபிறகு கன்னமும் உதடும் மனிதனைப்போல அசையவில்லையென்றால் கண் அந்தக் குறையிலேயே நிற்கிறது. தூரக் காட்சிகளில் உயரம் குறைந்த நடிகர்கள் அந்த உடையைப் போட்டு நடந்திருக்கிறார்கள். கிட்டத்துக் காட்சிக்கு மாறும்போது உடல்வாகே வேறாகிவிடுகிறது. அதை ஒரு பையன் கண்டுபிடித்துச் சொன்னான்.

ஸ்கெக்சிஸுக்கு அந்தச் சங்கடம் கிடையாது. உள்ளே ஒருவர் ஒரு கையைத் தலைக்குள் தூக்கிப் பிடிக்கிறார். கண்ணையும் இமையையும் கம்பி இழுத்து அசைப்பவர்கள் வேறு ஆட்கள். ஆட்டுபவருக்குத் தன் பொம்மை தெரியாது என்பதால் சின்னத் தொலைக்காட்சித் திரையைப் பார்த்தே ஆட்டவேண்டும். பல அரங்குகளில் தரையை உயர்த்திக் கட்டி, ஆட்கள் கீழே நின்றார்கள். கார்திம் என்ற நண்டுச் சிப்பாய்களின் உடுப்பு 30 கிலோவுக்கு மேல். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆளோடு சேர்த்துச் சட்டத்தில் தொங்கவிட்டு இளைப்பாறவைத்தார்கள். தலையில் வளையம் மாட்டிப் பத்து கிலோ பொம்மையை இரவு முழுக்க ஆடவைக்கும் உங்களுக்கு அந்தப் பாரம் எப்படிப்பட்டது என்று தெரியும். பார்ப்பவர்களும் அதை உணர்கிறார்கள். பாரம் உள்ள உடம்பு தயங்கித் திரும்புகிறது, அந்தத் தயக்கம்தான் உயிராகத் தெரிகிறது.

இனி ரப்பர். அந்த முகங்கள் நுரை ரப்பர். நாங்கள் தலையணை செய்யும் முறைக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. மரத்துப் பாலை அம்மோனியா விட்டு உறையாமல் காத்து, சுழற்றி, 60 சதவீத ரப்பராகச் செறிவாக்குவார்கள். அதில் சோப்பு, கந்தகம், துத்தநாக ஆக்சைடு கலந்து நுரை பொங்க அடிக்கவேண்டும். உறையவைக்கும் மருந்தைக் கடைசியில்தான் விடவேண்டும். விட்டதும் சில நிமிடத்தில் அச்சில் ஊற்றிவிடவேண்டும். மருந்து கூடினால் பாத்திரத்திலேயே கட்டிவிடும். குறைந்தால் குமிழ்கள் உடைந்து அடியில் தோலாகப் படியும். அம்மோனியா சரியாக வெளியேறாவிட்டாலும் உறைவது தள்ளிப்போகும். பிறகு 100 டிகிரி அளவில் வேகவைத்து, கழுவி, உலர்த்தவேண்டும். வேக்காடு போதாவிட்டால் பிசுபிசுக்கும், அழுத்தினால் எழும்பாது.

நம் ஊருக்கு இது ஒத்துவருமா என்றால், எனக்குத் தயக்கமாக இருக்கிறது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பிசுபிசுக்கும். செப்புக் கம்பி உரசினால் சீக்கிரம் கெடும். வெயிலில் வைத்தால் வெடிப்பு விடும். நன்றாகக் காத்தாலும் சில வருடங்களில் பொடியத் தொடங்கும். தாத்தா செதுக்கிய கல்யாண முருங்கைத் தலைகள் வண்ணம் தீட்டத் தீட்ட இன்னும் நிற்கின்றன. சந்திரமதிக்கும் வள்ளிக்கும் ரப்பர் போடவே வேண்டாம். அழகான முகத்தை உண்மையாக்கப் போனால் ஜென்னுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

வள்ளி திருமணத்தில் வரும் கிழவனுக்கு மட்டும் செய்துபார்க்கலாம். சுருக்கமும் தொங்கும் தாடையும் நுரை ரப்பருக்கு ஏற்றவை. இந்தப் படத்திலும் ஆக்ரா என்ற ஒற்றைக்கண் கிழவியைத்தான் மண்டபமே ரசித்தது. மரத்தலையை அப்படியே விட்டு, மேலே உறைபோல மாட்டிக் கழற்றும்படி செய்யவேண்டும். தாடை நூலுக்குச் செம்பு வேண்டாம், நைலான் போடுங்கள். கூத்து முடிந்ததும் கழற்றி, முகப்பவுடர் தூவி, உள்ளே துணி அடைத்து, இருட்டில் வையுங்கள்.

கிழவன் தலையின் சுற்றளவு, தாடையிலிருந்து உச்சி வரை, காதிலிருந்து காது வரை மூன்றையும் நூல் பிடித்து எழுதுங்கள். நுரை ரப்பர் வெந்தபின் கொஞ்சம் சுருங்கும், அதற்கு அச்சைப் பெரிதாக்கிக்கொள்கிறேன். நீங்கள் எதையும் கூட்டி எழுதவேண்டாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்