பாட்டியின் சால்வையில் 46 கோடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் அனிமேஷன் துறை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த டேப்லட் வாங்கலாம், எந்த மென்பொருள் கற்கலாம் என்பதெல்லாம் விவரமாக இருந்தது. ஆனால் கதாபாத்திரம் உருவாக்குகிறவர் நாள் முழுக்க உட்கார்ந்து என்ன செய்கிறார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கூடவே போட்டிருந்ததும் பளபளவென்று முடித்த ஒரே ஒரு வண்ணப் படம். அதைப் பார்க்கிற பிள்ளைகள், இப்படி ஒன்று வரைந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 11 வருடம் சிறுவர் கதைகளுக்குத் தூரிகையும் மையும் வைத்துப் படம் போட்டவள். டிஜிட்டலில் பழக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஐந்து பேர் சேர்ந்து, படம் படமாக வரைந்து 7 நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். கதாபாத்திர வடிவமைப்பு என் பொறுப்பு.

கதையின் நாயகி, கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு பாட்டி. நான் முதலில் வரைந்த பாட்டிக்குக் கட்டம் போட்ட சால்வை, இடுப்பில் சாவிக்கொத்து, சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி, முகமெல்லாம் சுருக்கம். மூன்று நாள் உட்கார்ந்து வண்ணம் தீட்டினேன். படங்களை அசைய வைக்கிற தோழி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சால்வையில் இருந்த கோடுகளை எண்ணினாள். மொத்தம் 46. “பாட்டி நடந்து வந்து நாற்காலியில் உட்காரணும். துணி மடங்குகிறபோது இந்தக் கோடு ஒவ்வொன்றும் கூடவே மடங்கணும். யார் வரைவது?” என்றாள்.

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது அசையாத தனித்தனிக் காட்சி, ஓடுகிறது. ஒரே படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்துவது வழக்கம் என்பதால், நொடிக்கு 12 படம் என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பாட்டி திரையில் இருப்பது 4 நிமிடம், அதாவது 2,880 படம். ஒவ்வொன்றிலும் 46 கோடு என்றால் சால்வைக்கு மட்டும் 1,32,480 கோடுகள். அவள் அசையாமல் இருக்கும் இடங்களைக் கழித்தாலும் ஐந்து பேரால் ஆகிற காரியமில்லை. பழைய கார்ட்டூன் பாத்திரங்கள் பலவற்றுக்குக் கையில் நான்கே விரல் இருப்பதற்கும் இப்படி வரைகிற வேலையைக் குறைப்பது ஒரு காரணம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிய வந்தது.

சால்வை ஒரே நிறமாகி, ஓரத்தில் ஒரு பட்டை மட்டும் மிஞ்சியது. சாவிக்கொத்து போய் ஒரு பெரிய சாவி வந்தது. முகத்தில் மூன்றே சுருக்கம். கண்ணாடிச் சங்கிலியை எடுத்தபோது மட்டும் மனசு கேட்கவில்லை. ஆனால் பாட்டி முதல் தடவை நடந்ததைப் பார்த்தபோது, அந்த ஒரு பட்டை வளைகிற வளைவிலேயே முதுகின் கூனும் முழங்கையின் மடிப்பும் தெரிந்தன. 46 கோடு இருந்திருந்தால் இந்த அசைவு கண்ணில் பட்டிருக்காது.

அடுத்து உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பார்க்கச் சொன்னார்கள் குழுவில். கண் மூக்கு தெரியாது, வெளிக்கோட்டின் வடிவம் மட்டும் இருக்கும். சால்வைக்குள் கையை ஒளித்துவைத்திருந்ததால் என் பாட்டி ஒரு மூட்டை மாதிரி இருந்தாள். கடிகாரம் பிரிக்கிறவளுக்குக் கை அல்லவா முக்கியம்? சால்வையைத் தோளுக்கு ஏற்றி, முழங்கையை வெளியே தள்ளி, கழுத்தை முன்னால் நீட்டினேன். இப்போது வெறும் கறுப்பு உருவமாகப் பார்த்தாலும், சின்னதாக எதையோ உற்றுப் பார்க்கிறாள் என்று தெரிகிறது.

முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகு என்று ஒரே ஆளைத் திருப்பித் திருப்பி வரைவது இன்னொரு பாடம். கண், தாடை, முழங்கை, முழங்கால் எல்லாம் நான்கிலும் ஒரே உயரத்தில் வர வேண்டும். கதைப் படங்களில் நான் யாருக்கும் முதுகு வரைந்ததே இல்லை. முன்னாலிருந்து உச்சந்தலையில் தெரிந்த கொண்டை, பக்கவாட்டில் வரைந்தபோது பிடரிக்கு இறங்கிவிட்டது. அந்தக் கொண்டைக்கே ஒரு வாரம் ஆனது. மூன்று நாளில் வரைந்த ஒரு படம், மற்றவர்கள் பார்த்து வரையக்கூடிய மாடல் ஷீட்டாக மாற 5 வாரம் பிடித்தது.

கருவியும் பழகத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. கை மேசையில், கண் திரையில் என்று வேலை செய்ய எனக்கு ஒரு மாதம் ஆனது. ஆனால் அதற்கான மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. நான் வரைவது கிரிட்டாவில். பிளெண்டரில் செய்த ‘ஃப்ளோ’ முழுநீளப் படத்துக்கு 2025-இல் ஆஸ்கர் கிடைத்தது. அந்த மென்பொருளும் இலவசம்தான். பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் வாய்ப்பும் இதில் உண்டு. மையில் வரைந்த காலத்தில் கோடு போடும் முன் யோசித்தவள், போட்ட கோட்டை ஒரே தட்டில் நீக்குகிற கண்ட்ரோல் இசட் கிடைத்ததும் ஒரே கோட்டை இருபது தடவை அழித்துப் போட ஆரம்பித்தேன். இப்போது தினமும் ஒரு பக்கம், அந்தப் பொத்தானைத் தொடாமல் வரைகிறேன். முடித்ததும் படத்தை இடவலம் திருப்பிப் பார்ப்பேன். பாட்டியின் இடது கண் தாழ்ந்திருப்பது அப்போதுதான் தெரியும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை இந்தத் துறை பற்றி எழுதும்போது, முடித்த படத்தோடு அதன் மாடல் ஷீட்டையும் கழித்துப் போட்ட வரைவுகளையும் சேர்த்து வெளியிடுங்கள். சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு கதாபாத்திரம் கொடுத்து, அதே ஆள் குனிவது, திரும்புவது, தூங்குவது என்று வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் பாட்டியிலிருந்தே தொடங்கலாம். நண்பர்கள் சம்மதித்துவிட்டார்கள். நீங்கள் சரி என்றால், அந்தக் கட்டம் போட்ட சால்வைப் படத்தையும் சேர்த்தே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி