நான்கு ஊக்குகள்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம். தேவ கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முழங்கால்தான் அப்படியே. ஆச்சி இன்னும் "ஓட்டக்காரி எங்கே" என்றுதான் உன்னைக் கேட்கிறாள்.

போனில் பேச்சைத் தொடங்குவதற்குள் "சரிம்மா, வைக்கிறேன்" என்கிறாய். அதனால்தான் தாளை எடுத்தேன். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, உடம்பில் சரியாக ஒட்டாது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீரில் போடு.

போன ஞாயிறு நம் சபையில் அசன விருந்து. கறிக்குழம்பில் உப்பு தூக்கல், ஆனாலும் அண்டா காலி. சபைப் போதகர் உன்னை விசாரித்தார். "நன்றாக இருக்கிறாள் ஐயா, அங்கேயும் கோயிலுக்குப் போகிறாள்" என்று சொல்லிவிட்டேன். அது மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியாது. நான் உன்னைக் கேட்கவும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் வேதப்புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுப் போயிருக்கிறாய். அவசரத்தில் மறந்திருப்பாய். நேற்று தூசி தட்டும்போது விரித்துப் பார்த்தேன். சங்கீதம் 37இல் ஓடும்போது நெஞ்சில் குத்துகிற உன் பழைய செஸ்ட் நம்பரை மடித்து வைத்திருக்கிறாய். மழையில் ஓடினாயே, கடைசி எண் கலங்கிப்போனதே, அதுதான். நான்கு மூலையிலும் ஊக்குகள் அப்படியே இருக்கின்றன. துரு துணியைத் தாண்டித் தாளிலும் இறங்கி, ஓரத்தில் பழுப்பாய் ஒரு வட்டம். கழற்றலாமா என்று பார்த்தேன். கழற்றினால் தாள் கிழிந்துவிடும் போலிருந்தது, விட்டுவிட்டேன்.

டிரயல்ஸில், அந்தத் தேர்வு ஓட்டத்தில், நீ மூன்றாவதாக வந்தாய். அதை யாரும் மறைக்க முடியாது, கடிகாரம் சொன்ன கணக்கு அது. தொடர் ஓட்டத்துக்கு நாலு பேர், மாற்றுக்கு இரண்டு பேர். அந்த ஆறு பெயரில் என் பிள்ளையின் பெயர் இல்லை, ஏழாவதாக வந்தவள் பெயர் இருக்கிறது. இதைக் கேட்டதிலிருந்து அப்பா காலைச் சாப்பாட்டில் ஒரு இட்லியைக் குறைத்துவிட்டார். தினமும் நீளம் தாண்டும் வீராங்கனை அஞ்சு ஜார்ஜ் கதைதான். 2005இல் மொனாக்கோவில் நடந்த உலகத் தடகள இறுதிப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது வெள்ளி. முதலில் வந்த ரஷ்யப் பெண் ஊக்கமருந்தில் சிக்கிய பிறகு, 2014இல் அது தங்கமானது. "பார்த்தாயா, நியாயம் தாமதிக்கும், தவறாது" என்கிறார். அப்பாவிடம் சொல்லாதே, எனக்கு அந்தக் கதையில் ஆறுதல் இல்லை. ஒன்பது வருடம் கழித்துத் தங்கம் வரலாம், அன்று ஒலித்திருக்க வேண்டிய தேசிய கீதம் வருமா?

சின்ன வயதில் நீயும் இப்படித்தான் மடக்குவாய். ஓய்வுநாள் பள்ளியில் நான் எரிக் லிடலைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறதா? 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் முதற்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓடமாட்டேன் என்றவர், 400 மீட்டர் ஓடி 47.6 விநாடியில் தங்கம் வென்றார் என்று முடித்தேன். மற்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். நீ மட்டும், "400இல் தோற்றிருந்தால் இந்தக் கதையைச் சொல்லியிருப்பீர்களா டீச்சர்?" என்றாய். வகுப்பில் என்னை அம்மா என்று கூப்பிடாத பிள்ளை. அன்று உனக்குப் பதில் சொல்லாமல் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னேன்.

இத்தனை வாய் உள்ளவள், பட்டியல் ஒட்டிய அன்று ஏன் பேசாமல் வந்தாய்? எழுதிக் கொடுத்திருக்க வேண்டாமா? இதைக் கேட்க எனக்கு வாயில்லை என்பதும் தெரிகிறது. அன்று ராத்திரி நீ போனில் அழுதபோது நான் சொன்னது ஒரே வார்த்தை. "கர்த்தர் பார்த்துக்கொள்வார், விடு." அதற்குப் பிறகுதான் நீ பேசுவதை நிறுத்தினாய்.

அந்த வார்த்தையை அதற்கு முன்பும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கும் தெரியாது.

1999. நீ பிறக்கவில்லை. பி.டி. டீச்சராகச் சேர்ந்து இரண்டு வருடம், வேலைக்கு ஒப்புதல் இன்னும் வரவில்லை. மாவட்டப் போட்டியில், பினிஷிங் கோட்டருகே படிப்படியாக மேடை போட்டிருப்பார்களே, அதில் முதலிடத்தைப் பார்க்கிற நடுவராக என்னை உட்காரவைத்தார்கள். பெண்கள் 400 மீட்டர். தலையோ கையோ கணக்கில்லை, உடல்தான் கோட்டைத் தொட வேண்டும். 27ஆம் எண்காரி தெளிவாக முந்தினாள், வெறும் காலோடு. அடுத்து வந்தது எங்கள் பள்ளித் தாளாளரின் மகள், 31. சீட்டில் 27 என்று எழுதினேன். தலைமை நடுவர் குனிந்து, "டீச்சர், நன்றாகப் பார்த்தீர்களா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். நான் அடித்துவிட்டு 31 என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அறிவிப்பு வந்ததும் அந்தப் பிள்ளை நேரே என்னிடம்தான் வந்தாள். கூட வாத்தியார் யாரும் இல்லை. "டீச்சர், நான்தானே முதலில் வந்தேன்?" என்றாள். முடிவு சொல்லி 30 நிமிடத்துக்குள் ஆட்சேபம் சொல்லலாம், எழுதிக் கொடுத்தால் மேல்முறையீடும் உண்டு என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நான் சொன்னது, "கடவுள் பார்த்துக்கொள்வார், போம்மா." அவள் தலையாட்டிவிட்டுப் போய்ச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்த மாதமே எனக்கு ஒப்புதல் வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் உன் முதல் ஸ்பைக்ஸ் ஷூ வாங்கினோம்.

பாவ அறிக்கை ஜெபத்தில் இதை எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் சொன்னதில்லை. அவள் பெயரும் தெரியாது, எண் மட்டும்தான்.

ஆகையால் நான் சொன்ன அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கர்த்தர் பார்க்கிறார் என்பதை அல்ல, "விடு" என்றேனே, அதை. பிலிப்பியிலே அதிகாரிகள் அப்போஸ்தலர் பவுலை விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டு, மறுநாள் இரகசியமாய் விடுதலை செய்யப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை, அவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்றார். ராத்திரி சிறையில் பாட்டுப் பாடிய அதே மனிதர்தான், அப்போஸ்தலர் 16. பாட்டை மட்டும் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

நீ எழுதிக் கொடு. டிரயல்ஸ் தேதி, உன் நேரம், யார் யார் எந்த இடம், எல்லாம் வரிசையாக. யாரையும் வைய வேண்டாம். நகல் எடுத்துக்கொள், வாங்கியவர் கையெழுத்தும் வாங்கிக்கொள். தாமதம் என்று தள்ளுவார்கள், தள்ளட்டும், அதையும் எழுத்தில் கேள். உன் மேலேயே எரிச்சல் காட்டினால் என்ன செய்வது என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுது.

பார்சலில் முறுக்கும் எள்ளுருண்டையும் வைத்திருக்கிறேன், அறைத்தோழிக்கும் கொடு. வேதப்புத்தகத்தை வைக்கவில்லை. கேட்டால் அனுப்புகிறேன். கேட்காவிட்டாலும் அலமாரியில்தான் இருக்கும், ஊக்குகளோடு. மாத்திரை, டீயோடு வேண்டாம்.

அன்புடன்,
அம்மா